யாருக்காக நடைபாதை? புதுச்சேரியில் எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முத்தியால்பேட்டையில் நாங்கள் சில பேர் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு டேப்பும் நோட்டும் எடுத்துக்கொண்டு தெருத்தெருவாக நடக்கிறோம். பிளாட்பாரம் எத்தனை அடி இருக்கிறது, வாய்க்கால் சிலாப் எங்கே உடைந்திருக்கிறது, பஸ்ஸுக்கு நிற்கும் இடத்தில் நிழல் உண்டா என்று குறித்துக்கொள்கிறோம். பார்ப்பவர்கள் நிறுத்திக் கேள்வி கேட்கிறார்கள். சிலர் சண்டைக்கும் வருகிறார்கள். அந்தக் கேள்விகளையும், நின்ற இடத்தில் முழுதாகச் சொல்ல முடியாமல் போன பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

நடப்பதற்கும் சமூக நீதிக்கும் என்ன சம்பந்தம்? ரோடு சரியில்லை என்றால் ரோடு போடச் சொன்னால் போதாதா?

1924-ல் வைக்கத்தில் எதற்காகப் போராடினார்கள் என்று நினைத்துப் பாருங்கள். கோயிலுக்குள் போவதற்காகக்கூட இல்லை, கோயிலைச் சுற்றியிருந்த தெருக்களில் நடப்பதற்காக. பெரியார் அதற்காக இரண்டு முறை சிறைக்குப் போனார். தெருவில் நடப்பது நம் பக்கத்தில் என்றைக்குமே உரிமைப் பிரச்சினையாகத்தான் இருந்திருக்கிறது.

புதுச்சேரியின் வரைபடத்திலேயே இது இருக்கிறது. பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளையர் நகரம் (இன்று ஒயிட் டவுன்), மேற்கே அவர்கள் 'கறுப்பு நகரம்' என்று பெயர் வைத்த தமிழர் பகுதி. மேற்கிலும் வெள்ளாள வீதி, செட்டித் தெரு, வைசியாள் வீதி, முல்லா வீதி என்று சாதியும் மதமும் தெருப்பெயராகவே நிற்கின்றன. அந்தத் தெருக்களில் இடமே கொடுக்கப்படாதவர்கள் பழைய நகரத்தைச் சுற்றி ஓடும் புல்வார்டு சாலைக்கு வெளியே குடியிருந்தார்கள். இன்று எந்தத் தெருமுனையிலும் தடுப்புப் பலகை இல்லை. ஆனால் எந்தத் தெருவுக்கு முதலில் கல் பதிக்கிறார்கள், எந்தத் தெருவுக்கு மூடிபோட்ட வாய்க்கால் இன்னும் வரவில்லை என்று நோட்டில் எழுதிக்கொண்டே போனால், பழைய கோடுகள் பல இடங்களில் அப்படியே இருப்பது கண்ணில் படும்.

பீச் ரோடு இருக்கிறதே, இதைவிட நடக்க நல்ல ஊர் எது?

எனக்கும் பீச் ரோடு பிடிக்கும். காந்தி சிலை, பழைய கலங்கரை விளக்கம் என்று ஒன்றரை கிலோமீட்டர். மாலை 6 மணி முதல் மறுநாள் காலை 7.30 வரை வண்டிகளுக்கு அனுமதி இல்லை. குழந்தைகள் சாலை நடுவே ஓடுகின்றன, தாத்தாக்கள் நாற்பது வருடக் கதையைப் பேசிக்கொண்டு போகிறார்கள். வண்டியை நிறுத்தினால் ஒரு சாலை எப்படி ஊர்க்கூடமாக மாறும் என்பதற்கு நமக்கு வேறு உதாரணமே வேண்டாம்.

ஆனால் அது உலாவும் சாலை. அங்கே போகிறவர்கள் நடப்பதற்காகவே போகிறார்கள், நிறையப் பேர் வண்டியில் வந்து இறங்கித்தான் நடக்கிறார்கள். ஊரில் வேறு ஒரு நடை இருக்கிறது. மதியம் இரண்டு மணிக்கு மரப்பாலத்தில் டெம்போவிலிருந்து இறங்கி, கையில் குழந்தையும் தோளில் பையுமாகப் போகிறவரின் நடை. இந்திரா காந்தி சிலைப் பக்கமும் ராஜீவ் காந்தி சிலைப் பக்கமும் சாலையைக் கடக்க, நான்கு பக்கமும் பார்த்துவிட்டுக் கடைசியில் கையைக் காட்டிக்கொண்டு ஓடுகிறவரின் நடை. நூறடிச் சாலையில் நடைபாதை இருக்கிறது என்று நினைத்து ஏறினால் இருபது தப்படியில் மின்கம்பம், அடுத்து ஒரு டிரான்ஸ்ஃபார்மர், அதற்கடுத்து கடைக்காரரின் ஜெனரேட்டர். இறங்கி ஏறி இறங்கிப் போவதைவிட ரோட்டிலேயே போய்விடலாம் என்று எல்லோரும் ரோட்டில் போகிறார்கள். பிறகு, 'ஜனங்கள் பிளாட்பாரத்தில் நடப்பதே இல்லை' என்று அவர்கள்மேலேயே குற்றம் சொல்கிறோம்.

ஊரின் நடைவசதியை பீச் ரோட்டை வைத்து மதிப்பிடக் கூடாது. வேறு வழியில்லாமல் நடக்கிறவர் மதியம் இரண்டு மணிக்கு எப்படிப் போகிறார் என்பதை வைத்துத்தான் மதிப்பிட வேண்டும். இந்தப் பக்கத்தில் நான் எழுதும் எல்லாமே அதைச் சுற்றித்தான்.

இப்போதெல்லாம் யார் நடக்கிறார்கள்? எல்லோரிடமும்தான் வண்டி இருக்கிறதே?

வீட்டுக்கு ஒரு வண்டி இருக்கலாம். அதை யார் எடுத்துக்கொண்டு போகிறார் என்று கேளுங்கள். பெரும்பாலும் வீட்டு ஆண். மீதிப் பேர் நடக்கிறார்கள்.

நாங்கள் ஒரு நாள் காலை ஐந்தரை மணிக்குக் கிளம்பிப் பார்த்தோம். முதலில் எதிரே வந்தவர்கள் துப்புரவுப் பணியாளர்கள். அப்புறம் பாண்லே பால் பூத்துக்கு வந்த வயதானவர்கள். தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் மீன் எடுத்து, அன்னக்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு வீதிவீதியாகப் போகும் மீன்காரம்மாக்கள். ஏழு மணிக்கு மேல் வைத்திக்குப்பத்திலிருந்தும் குருசுக்குப்பத்திலிருந்தும் ஒயிட் டவுன் விடுதிகளுக்குக் கூட்டிப் பெருக்கவும் பாத்திரம் தேய்க்கவும் போகும் பெண்கள். எட்டரைக்குப் பள்ளிப் பிள்ளைகள். தலையில் முப்பது கிலோ பாரத்தோடு போகிறவருக்கு ஓர் உடைந்த சிலாப் என்னவாகும் என்று யோசித்தால், நடைபாதைக்கு எவ்வளவு பணம் ஒதுக்கலாம் என்ற பேச்சின் தொனியே மாறிவிடும்.

ஒரு காலத்தில் இந்த ஊரில் வேலையும் வீடும் நடக்கிற தூரத்தில் இருந்தன. முதலியார்பேட்டைப் பக்கம் மில் சங்கு ஊதினால் தெருவே எழுந்து நடக்கும். முத்தியால்பேட்டையில் தறி வீட்டுக்குள்ளேயே இருந்தது. 1936 ஜூலை 30-ல் மில் தொழிலாளர்கள் 12 பேர் துப்பாக்கிச் சூட்டில் இறந்த பிறகு கிடைத்தது எட்டு மணி நேர வேலை. அந்த எட்டு மணி நேரத்துக்கு அர்த்தம் இருந்தது, ஏனென்றால் போகவர நேரம் பெரிதாகச் செலவாகவில்லை. மில்கள் மூடிவிட்டன. இப்போது வேலை சேதராப்பட்டிலும் மேட்டுப்பாளையத்திலும். எட்டு மணி நேர வேலைக்கு முன்னும் பின்னும் பஸ்ஸுக்கு நடப்பதும் பஸ்ஸுக்காக நிற்பதும் சேர்ந்துகொண்டன. அந்த நேரத்துக்கு யாரும் கூலி கொடுப்பதில்லை.

இன்னொன்று. 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் நடந்து போனவர்கள் மட்டும் 32,825 பேர். ஐந்தில் ஒருவர். அவர்கள் எதையும் ஓட்டவில்லை, யார்மீதும் மோதவில்லை.

நடைபாதை எப்படி இருந்தால் சரி?

இதற்கு மத்திய அளவில் விதிமுறையே இருக்கிறது. இந்தியச் சாலைக் காங்கிரஸ் நடந்து செல்பவர்களுக்கென்று தனியாக வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. தடையில்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர், அதாவது இரண்டு சக்கர நாற்காலிகள் ஒன்றையொன்று தாண்டிப் போகும் அளவு. கடைத்தெருவில் 2.5 மீட்டர். தலைக்கு மேல் 2.2 மீட்டர் வரை பலகையோ கிளையோ நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. உயரம் 15 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது.

கடைசி எண்ணை நன்றாகக் கவனியுங்கள். நம் ஊரில் பல இடங்களில் பிளாட்பாரம் முழங்கால் உயரம். வண்டி ஏறாமல் இருக்க உயர்த்தினோம் என்பார்கள். வண்டி ஏறாதுதான், பாட்டியும் ஏற மாட்டார். சரிவு அமைப்பதற்கும் கணக்கு உண்டு: ஒரு பங்கு உயரத்துக்கு 12 பங்கு நீளம். 15 செ.மீ. உயரத்துக்கு 1.8 மீட்டர் சரிவு. அலுவலக வாசல்களில் மூன்றடி நீளத்தில் செங்குத்தாகச் சிமென்ட் பூசிவிட்டு, மாற்றுத்திறனாளி வசதி என்று பலகை வைத்திருப்பதைப் பார்க்கும்போது மனம் வலிக்கிறது. அதில் ஒருமுறை நாற்காலியைத் தள்ளிப் பார்த்திருந்தால் அப்படிக் கட்டியிருக்க மாட்டார்கள். 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி இது சலுகை இல்லை, உரிமை.

வீடுகளிலும் ஒரு பழக்கம் இருக்கிறது. பைக் ஏற்றுவதற்காக வாய்க்காலுக்கு மேல், தெருவுக்குள் இரண்டடி நீட்டிச் சாய்தளம் போட்டுவிடுகிறோம். நானும் போட்டிருந்தேன், போன வருடம்தான் உடைத்து உள்ளே தள்ளிக் கட்டினேன். வீட்டுக்கு வீடு ஏற்ற இறக்கமாக இருந்தால் நடக்கிறவர் ஒரு தெருவைக் கடப்பதற்குள் இருபது முறை ஏறி இறங்க வேண்டும்.

எங்கள் தெருவே பன்னிரண்டு அடி. நடைபாதைக்கு எங்கே இடம்?

அந்தத் தெருவுக்கு நடைபாதை தேவையில்லை. அந்தத் தெருவே நடைபாதை. வண்டி அதில் விருந்தாளியாக வரலாம், மெதுவாக. குறுகிய தெருவை அகலப்படுத்துவதற்காக வீட்டு முகப்பை இடிப்பது ஏழைகளின் ஒன்றரை சென்ட் மனையை முக்கால் சென்ட் ஆக்குவதில்தான் முடியும்.

வேகம்தான் விஷயம். வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும். அதனால்தான் மக்கள் நடமாடும் தெருக்களில் மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பன்னிரண்டு அடித் தெருவில் இருபதே அதிகம்.

தமிழர் பகுதியின் பழைய வீடுகள் இதை அழகாகச் செய்திருந்தன. வீட்டை ஒட்டித் திண்ணை, அதற்கு முன்னால் தெருவில் போகிறவர் ஒதுங்குவதற்கென்றே ஓடு வேய்ந்த தாழ்வாரம். வெயிலானாலும் மழையானாலும் ஒரு வீட்டுத் தாழ்வாரத்திலிருந்து அடுத்த வீட்டுத் தாழ்வாரத்துக்கு என்று தெரு முழுவதும் நிழலிலேயே போய்விடலாம். சொந்த மனையின் முகப்பை வழிப்போக்கனுக்காக விட்ட கட்டடக்கலை அது. வைசியாள் வீதியில் ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு முகப்புகளைப் பழையபடி சீரமைத்திருக்கிறார்கள், ஒருமுறை மதிய நேரத்தில் போய் நடந்து பாருங்கள். ஆனால் அந்தத் திண்ணையில் எல்லோரும் உட்கார முடிந்ததில்லை என்பதையும் சொல்லாமல் விடக் கூடாது. யார் உட்காரலாம், யார் கீழே நிற்க வேண்டும் என்ற கணக்கு அங்கேயும் இருந்தது. நிழலை மட்டும் எடுத்துக்கொண்டு அந்தக் கணக்கை விட்டுவிட வேண்டும்.

பிளாட்பாரக் கடைகளை எடுத்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடுமே?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். கோபத்தோடு கேட்கப்படுவதும் இதுதான்.

முதலில் டேப்பை எடுங்கள். ஒரு தள்ளுவண்டி ஏறக்குறைய ஆறடிக்கு நாலடி, 24 சதுர அடி. ஒரு சாதாரண கார் நின்றால் 75 சதுர அடிக்குமேல் போகும். நேரு வீதியில் காலை முதல் இரவு வரை நிற்கும் கார்களை யாரும் ஆக்கிரமிப்பு என்று சொல்வதில்லை. வண்டிக்காரம்மாவைச் சொல்கிறோம். காருக்குள் யாருக்கும் பிழைப்பு நடக்கவில்லை, அந்த வண்டியில் ஒரு குடும்பமே பிழைக்கிறது.

அடுத்தது சட்டம். 1985-லேயே உச்ச நீதிமன்றம் ஓல்கா டெல்லிஸ் வழக்கில், உயிர்வாழும் உரிமைக்குள் பிழைக்கும் உரிமையும் அடங்கும் என்று சொல்லிவிட்டது. 2014-ல் தெருவோர வியாபாரிகளுக்கென்றே தனிச் சட்டம் வந்தது. அதன்படி எல்லா வியாபாரிகளையும் கணக்கெடுத்து முடிக்கும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. அப்புறப்படுத்துவதென்றாலும் 30 நாள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். நகர விற்பனைக் குழுவில் 40 சதவீதம் பேர் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளாக இருக்க வேண்டும், அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். ஊர் மக்கள்தொகையில் இரண்டரை சதவீதம் வரை வியாபாரிகளுக்கு இடம் ஒதுக்கலாம். இதெல்லாம் தெரிந்த வியாபாரிகள் குறைவு. எங்கள் தெருமுனையில் பூ விற்கும் அக்காவிடம் சொன்னபோது, 'சட்டம் இருக்கட்டும் தம்பி, சாயங்காலம் கடையைத் தூக்க வண்டி வந்தால் நீ வந்து நிற்பியா?' என்றார். அன்றிலிருந்து எங்களில் யாராவது ஒருவர் மாலையில் அந்தப் பக்கம் போகிறோம்.

அப்புறம், இட்லிக்கடை விளக்கு. இரவு ஒன்பதரைக்கு டியூஷன் முடிந்து வரும் பெண்பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள், எந்த வழியாக வருகிறீர்கள் என்று. கடை இருக்கிற தெரு வழியாகத்தான் என்பார்கள். ஆள் இருக்கிறது, வெளிச்சம் இருக்கிறது, கூப்பிட்டால் கேட்கும். கடைகளை எடுத்துவிட்டு அதே தெருவுக்குக் கேமரா வைப்பதில் என்ன லாபம்?

நடக்கும் வழி அடைபடவே கூடாது என்பதிலும் நான் உறுதியாகத்தான் இருக்கிறேன். வழி: 1.8 மீட்டரைக் கோடு போட்டு ஒதுக்குங்கள், கோட்டுக்கு வெளிப்பக்கம், சாலையை ஒட்டிய ஓரத்தில் கடைகளுக்கு எண் கொடுங்கள். இடம் போதவில்லை என்றால் முதலில் நகர வேண்டியது கார். சென்னையில் பாண்டி பஜார் இருக்கும் தியாகராய சாலையின் நடைபாதையை 2019-ல் அழகாக அகலப்படுத்தினார்கள், நடக்க அருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே அங்கிருந்த நடைபாதை வியாபாரிகளை ஒரு கட்டடத்துக்குள் அனுப்பியாயிற்று. நம் காந்தி வீதி சண்டே மார்க்கெட்டுக்கும் பெரிய மார்க்கெட்டுக்கும் திட்டம் போடும்போது அந்த வரிசையில் செய்யக் கூடாது. முதலில் வியாபாரிகளோடு உட்கார்ந்து பேச வேண்டும், பிறகுதான் வரைபடம்.

நடைபாதை பற்றிப் பேசும்போது ஏன் சாக்கடையைப் பற்றியே பேசுகிறீர்கள்?

ஏனென்றால் இந்த ஊரில் நடைபாதை என்பது வாய்க்காலின் மூடிதான். கீழே வாய்க்கால் அடைத்தால் மேலே நடை நின்றுவிடும்.

என் அம்மாவுக்கு 71 வயது. மூன்று வருடத்துக்கு முன் பால் வாங்கப் போனவர், தண்ணீர் தேங்கிய இடத்தில் சிலாப் இருக்கிறது என்று நினைத்துக் கால் வைத்தார். அங்கே இல்லை. தூர்வாருவதற்காகத் தூக்கியவர்கள் திரும்ப மூடவில்லை. இடுப்பு எலும்பு முறிந்தது. சிலாப்பைத் தூக்கியது ஒரு அலுவலகம், மூட வேண்டியது இன்னொரு அலுவலகம் என்று ஐந்து மாதம் அலைந்தேன். ஐந்தாவது மாதம் தெருக்காரர்களே காசு போட்டு மூடினோம். அம்மா இப்போது வாசல்வரை வருகிறார், அதற்கு மேல் போக மாட்டேன் என்கிறார். ஒரு சிலாப்பால் அவருடைய ஊர் வாசற்படியோடு முடிந்துபோய்விட்டது. இந்த நோட்டும் டேப்பும் அப்போதுதான் தொடங்கியது.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது 24 மணி நேரத்தில் 48 செ.மீ. அளவுக்கு மழை கொட்டியது. அத்தனை மழையை எந்த வாய்க்காலும் தாங்காது, உண்மைதான். ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் போல வசதியான இடங்களிலும் தண்ணீர் நின்றது. தாழ்வான இடத்துக்குச் சாதி, வசதி தெரியாது என்று சிலர் சொன்னார்கள். ஆனால் தண்ணீர் வடிந்த பிறகு யார் எத்தனை நாள் வேலையை இழந்தார், யார் வீட்டில் மாடி இருந்தது, யார் இடுப்பளவுத் தண்ணீரில் மருத்துவமனைக்கு நடந்தார் என்று பாருங்கள். ஒரே தண்ணீர்தான், சுமை ஒன்றில்லை.

அதனால் வரிசை இப்படி இருக்க வேண்டும்: உப்பாறு வாய்க்காலும் பெரிய வாய்க்காலும் தடையில்லாமல் ஓட வேண்டும், தெரு வாய்க்கால்கள் அவற்றோடு சரியான சாய்வில் சேர வேண்டும், பிறகு உறுதியான மூடி, அதன் மேல் கல். நாம் கடைசியிலிருந்து தொடங்குகிறோம்.

மரம் நடுவது அழகுக்குத்தானே?

அக்னி நட்சத்திரத்தில் ஜிப்மர் பஸ் நிறுத்தத்தில் பத்து நிமிடம் நின்றவர் இதைக் கேட்க மாட்டார். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது இந்த ஊர் தன் நிழலில் பெரும்பகுதியை ஒரே காலையில் இழந்தது. மயில்கொன்றையும் பெருங்கொன்றையும் முறிந்து கிடந்த தெருக்கள் இன்னும் என் கண்ணில் இருக்கின்றன. திரும்ப நடும்போது புங்கை, பூவரசு, வேம்பு, புன்னை என்று கடற்கரைக் காற்றை அறிந்த மரங்களாக நட வேண்டும். அடிமரத்தைச் சுற்றிச் சிமென்ட் பூசாமல் மண் விட வேண்டும். பூங்காவுக்குள் நட்டதை மட்டும் கணக்குக் காட்டக் கூடாது. பஸ் நிறுத்தம், அங்கன்வாடி வாசல், மருத்துவமனை வழி, இந்த மூன்றுக்கும் முதல் கன்று.

சுற்றுச்சூழல் நீதி என்று சொல்கிறீர்களே, அது என்ன?

ஊரின் அழுக்கை யார் வாசலில் கொட்டுகிறோம் என்ற கேள்வி. அமெரிக்காவில் வட கரோலினா மாநிலத்தின் வாரன் கவுண்டியில் 1982-ல் கறுப்பின மக்கள் அதிகம் வாழும் இடத்தில் நச்சு மண்ணைப் புதைக்க லாரிகள் வந்தபோது மக்கள் சாலையில் படுத்து மறித்தார்கள். இந்தச் சொல் அங்கிருந்துதான் பரவியது.

நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். இங்கிருந்து ஒரு மணி நேரத்தில் கடலூர். சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய குடிகாடு, ஈச்சங்காடு, சோனஞ்சாவடி மக்கள் பல வருடம் ரசாயன வாடையில் வாழ்ந்தார்கள். புகார் சொன்னால், எந்த வாடை, எப்போது, ஆதாரம் என்ன என்று கேட்டார்கள். அந்த ஊர் மக்களே எந்த நாள், எந்த நேரம், எந்தப் பக்கக் காற்று, என்ன வாடை என்று நோட்டில் எழுத ஆரம்பித்தார்கள். 2004-ல் ஒரு வாளிக் கருவியில் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கே அனுப்பினார்கள். எங்கள் ஞாயிற்றுக்கிழமை நோட்டுக்கு அவர்கள்தான் ஆசான்கள்.

புதுச்சேரியில் அதே கேள்வியைக் குருமாம்பேட்டில் கேட்க வேண்டும். ஒயிட் டவுன் தெருக்கள் சுத்தமாக இருக்கின்றன என்று எல்லோரும் பாராட்டுகிறார்கள். அந்தக் குப்பை போய்ச் சேரும் கிடங்கின் பக்கத்தில் இருப்பவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் பஸ்ஸுக்கு நடக்கிறார்கள். ஓர் இடத்தை நடக்க இனிமையாக ஆக்கும்போது இன்னோர் இடத்தை நடக்க முடியாததாக ஆக்குகிறோமா என்பதையும் சேர்த்துத்தான் திட்டமிட வேண்டும்.

தெரு அழகானால் வாடகை ஏறும், ஏழைகள் வெளியேற வேண்டிவரும். பிறகு எதற்கு இதெல்லாம்?

நியாயமான பயம். எங்கள் குழுவிலேயே இதற்கு ஒரே பதில் இல்லை. ஒயிட் டவுனிலும் அதைத் தாண்டிய சில வீதிகளிலும் குடியிருந்த வீடுகள் விடுதியாகவும் காபிக் கடையாகவும் மாறுவதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். வீட்டுக்காரருக்கு லாபம், வாடகைக்கு இருந்தவர் வில்லியனூர்ப் பக்கம் போகிறார். நேற்றுவரை வேலைக்கு நடந்து போனவர் இன்று இரண்டு பஸ் மாறுகிறார்.

நான் நினைப்பது இது. ஒரே ஒரு தெருவைச் செய்தால்தான் அதற்குத் தனி மவுசு வரும். ஊர் முழுவதும் சாதாரணமாக நன்றாக இருந்தால் எந்தத் தெருவுக்கும் பெரிய விலை இருக்காது. காட்சிக்கு ஒரு கிலோமீட்டரில் கிரானைட் போடும் பணத்தில் வம்பாகீரப்பாளையத்திலும் நெல்லித்தோப்பிலும் பத்துத் தெருக்களுக்கு மூடிய வாய்க்காலும் விளக்கும் போடலாம். மீனவக் குப்பங்களிலும் குடிசைப் பகுதிகளிலும் வீட்டுமனைப் பட்டாவை முதலில் கொடுத்துவிட்டு, பிறகு தெருவைச் சீரமைக்க வேண்டும். கையில் பட்டா இல்லாதவருக்கு நல்ல ரோடு என்றாலே வயிற்றைக் கலக்குகிறது. அவர்கள் அனுபவம் அப்படி.

இது கார் வைத்திருப்பவர்களுக்கு எதிரானதா?

இல்லை. காரிலிருந்து இறங்கிய அடுத்த நிமிடம் அவரும் நடக்கிறவர்தான்.

யாரிடம் போய்க் கேட்பது?

இதுதான் புதுச்சேரியின் தனிக் குறை. ஒரே தெருவில் சாலை பொதுப்பணித்துறையுடையதாக இருக்கும், வாய்க்கால் நகராட்சியுடையது, கம்பம் மின்துறையுடையது. இவர்களை ஒரே இடத்தில் நிறுத்திக் கேட்க வார்டு கவுன்சிலர் வேண்டும். உள்ளாட்சித் தேர்தல் 2006-ல் நடந்தது, அதுவே 38 ஆண்டுகளுக்குப் பிறகு. அவர்கள் பதவிக்காலம் 2011-ல் முடிந்தது. அதற்குப் பிறகு பத்து வருடத்துக்கும் மேல் நகராட்சியை அதிகாரிகள்தான் நடத்தினார்கள். எம்.எல்.ஏ.விடம் போகிறோம், அவரும் முடிந்ததைச் செய்கிறார், ஆனால் உடைந்த சிலாப்புக்கு எம்.எல்.ஏ. என்பது ஊருக்கு நல்ல ஏற்பாடு இல்லை.

கடலூர்க்காரர்கள் நிலை இந்த ஒரு விஷயத்தில் பரவாயில்லை. 2021-ல் மாநகராட்சியானது, அடுத்த வருடம் தேர்தல் நடந்து கவுன்சிலர்கள் வந்தார்கள். தமிழ்நாட்டு விதிப்படி வார்டுக் குழுவும் பகுதி சபையும் கூட்ட வேண்டும். மஞ்சக்குப்பத்திலோ முதுநகரிலோ இருப்பவர்கள் தங்கள் பகுதி சபை எப்போது கூடுகிறது என்று விசாரித்து, உடைந்த இடங்களின் பட்டியலோடு போங்கள்.

இரண்டு ஊருக்கும் பொதுவான பலம் ஒன்று உண்டு. 2025 மே 14-ல் உச்ச நீதிமன்றம், தடையில்லாத நடைபாதை அரசியலமைப்பின் 21-வது பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையின் ஒரு பகுதி என்று சொல்லியிருக்கிறது. மனுவில் இந்தத் தேதியை எழுதுங்கள். பதில் வரவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி, 'எங்கள் தெரு வாய்க்கால் மூடிக்குப் பொறுப்பு எந்த அலுவலகம், கடைசியாக எப்போது பழுது பார்த்தது' என்று இரண்டே வரியில் கேளுங்கள். 30 நாளில் பதில் சொல்லியாக வேண்டும். நீளமாக எழுதினால் நீளமாகச் சுற்றுவார்கள்.

நாங்களும் எங்கள் பகுதியில் நடந்து பார்க்க விரும்புகிறோம். எப்படித் தொடங்குவது?

ஆறேழு பேர் போதும், ஆனால் எல்லோரும் ஒரே மாதிரி ஆட்களாக இருக்கக் கூடாது. கைத்தடி ஊன்றும் ஒருவர், கைக்குழந்தையோடு ஒருவர், தெருவோரம் விற்பவர் ஒருவர், பள்ளிப் பிள்ளை ஒன்று கட்டாயம். எங்கள் முதல் நடையில் ஆறு ஆண்கள் மட்டும் போனோம், 'எல்லாம் சுமாராக இருக்கிறது' என்று எழுதிக்கொண்டு வந்தோம். அடுத்த வாரம் அதே தெருவில் சக்கர நாற்காலியில் வரும் நண்பர் சேர்ந்துகொண்டார். மணிக்கூண்டிலிருந்து நானூறு மீட்டருக்குள் 31 இடத்தில் நின்றோம்.

காலையில் ஒருமுறை, மதியம் இரண்டு மணிக்கு ஒருமுறை, இரவு எட்டரைக்கு ஒருமுறை நடங்கள். மூன்றும் மூன்று தெருக்கள்போல் இருக்கும். அகலத்தை டேப்பால் அளந்து எழுதுங்கள், கண்ணால் அல்ல. அலுவலகத்தில் 'போதுமான அகலம் இல்லை' என்றால் தலையாட்டுவார்கள், '62 செ.மீ.' என்றால் நிமிர்ந்து பார்ப்பார்கள். படம் எடுக்கும்போது வியாபாரிகள் முகமோ வண்டி எண்ணோ தெரியக் கூடாது. உங்கள் படத்தை வைத்தே அவர்களை அப்புறப்படுத்த வந்துவிடுவார்கள். எங்களுக்கு ஒருமுறை அப்படி நடந்தது, அந்த வண்டிக்காரரிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டோம்.

எந்த இடத்தை முதலில் சரிசெய்யக் கேட்பது என்பதில் சண்டை வரும். எங்கள் வழக்கம் இது: பட்டியலைத் தெருமுனையில் சத்தமாகப் படிக்கிறோம். வண்டி இல்லாத வீட்டுக்காரர்கள் மட்டும் கை தூக்குகிறார்கள். அதிகம் கை தூக்கிய இடம் மனுவில் முதல் வரி. போன முறை முதல் வரியில் வந்தது நாங்கள் யாருமே நினைக்காத இடம். பஸ் நிறுத்தத்துக்கும் அரசு மருந்தகத்துக்கும் நடுவில், உட்கார்ந்து மூச்சு வாங்க ஒரு கல் பெஞ்சு.